ரோகிணியையும் பார்த்தாயா?

நவம்பர் 6

அன்புள்ள ஆந்தையாருக்கு,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். அம்மா போனிலிருந்து கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். தபால்காரரை பிளாக் செய்ய இன்னும் பட்டன் வரவில்லை. ஆகவே இந்தக் கடிதம்.

குற்றப்பத்திரிகையை நானே வாசித்துவிடுகிறேன். கார்த்திகைக் கூட்டத்தில் கீழ்மூலை நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு மங்கல் புகை இருக்கிறதாம். தனக்கென்று வெளிச்சம் இல்லாத தூசி, நட்சத்திரத்திடம் இரவல் வாங்கி மினுக்குகிறது. மூன்று குளிர்காலமாக நீ அதை மொட்டை மாடியில் தேடினாய். அக்டோபர் பதினெட்டாம் தேதி சாயங்காலம், நீ கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸில் நான் லிப் பாம் தடவினேன். ஒரு சொட்டு. நீ பார்த்தாய். "தெரியுதுடி! வாலு, தெரியுது!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினாய்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சுற்றியதில் எனக்குத் தலை மட்டும்தான் சுற்றியது, புத்தி சுற்றிக்கொண்டு வரவில்லை.

நீ படம் வரைந்து வானம் பார்க்கிற சங்கத்துக்கு எடுத்துப் போனாய். செயலாளர் ஒரே கேள்வி கேட்டார்: "தம்பி, ரோகிணியையும் பாத்தீங்களா?" பக்கத்திலேயே இருக்கிற பெரிய நட்சத்திரம், அதைச் சுற்றிப் புகை கிடையாது. அதற்கும் புகை தெரிந்தால் கோளாறு வானத்தில் இல்லை, கண்ணாடியில். சந்தோஷத்தில் நீ அதைப் பார்க்கவே இல்லை. முப்பது பேர் சிரித்தார்கள். கடைசி வரிசையில் நான் முப்பத்தொன்று. என் சிரிப்பு மட்டும் உனக்குத் தனியாகக் கேட்டுவிட்டது.

அதற்காக வேலையை மாற்றிக்கொண்டு, டெலஸ்கோப்பையும் மூட்டை கட்டிக்கொண்டு, அடுத்த ஊருக்கே போய்விடுவதா? அங்கே அதை மாடிக்கு யார் தூக்குகிறார்கள்? இங்கே நாலு மாடியும் நான்தான். முதல் நடை அடிப்பெட்டி, இரண்டாம் நடை குழாய். பதிலுக்கு நீ என் பள்ளிக்கூடப் புகார்க் கடிதங்களை அம்மாவிடம் காட்டாமல் காப்பாற்றினாய். இனி அவை நேராக அம்மாவுக்குப் போகும். இதற்கு மேல் ஒரு தண்டனை வேண்டுமா?

இப்படிக்கு,
வாலு

*

நவம்பர் 17

வாலு,

கடிதம் வந்தது. போனில் பேச மாட்டேன். போனில் நீ யார் குரலிலும் பேசுவாய். காகிதம் என்றால் நாளைக்கு "நான் சொல்லவே இல்லையே" என்று கையை விரிக்க முடியாது. அதனால் எழுது.

தூக்க ஆள் இல்லை. மூன்று மாடி, இரண்டு நடை. நானேதான்.

ஒரு கேள்வி. ஐபீஸை ஸ்பிரிட் போட்டு மூன்று தரம் துடைத்தாயிற்று. நேற்று மேலே கொண்டுபோய் வைத்ததும் பார்த்தேன். எல்லா நட்சத்திரத்துக்கும் வானவில் நிறத்தில் வளையம். ரோகிணியையும் பார்த்தேன், இப்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். அதற்கும் வளையம். மறுபடி துடைத்தேன். அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. போன வாரமும் இதே கதை: வளையம், துடைப்பு, அரை மணி, சரி. எங்கேயோ பிசுக்கு மிச்சம் இருக்கிறது.

வேறு எதில் தடவினாய்?

உன்னை எனக்குத் தெரியும். நீ குற்றத்தை ஒப்புக்கொள்வது தவணை முறையில். ஜன்னல் உடைந்த அன்று "பந்து பட்டுச்சு." இரண்டு நாள் கழித்து "என் பந்துதான்." ஒரு வாரம் கழித்து "நான்தான் எறிஞ்சேன்." மிச்சத் தவணைகளை ஒரே கடிதத்தில் அனுப்பு.

அண்ணன்

*

நவம்பர் 24

அண்ணா,

ஐபீஸ் மட்டும்தான். ஒரே ஒரு தடவைதான். அம்மா மேல் சத்தியம், உன் மேல் சத்தியம், பள்ளிக்கூடம் மேல் சத்தியம் (அது இடிந்தால் எனக்கு லாபம், அதனால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்). வேறு எதையும் நான் தொடவில்லை.

பனி படிந்திருக்கலாம் இல்லையா? கேட்டேன், அவ்வளவுதான். முறைக்காதே.

வாலு

*

டிசம்பர் 1

பொய். பனியா பிசுக்கா என்று எனக்குத் தெரியாதா?

மிச்சத்தை எப்போது சொல்கிறாயோ அப்போது வீட்டுக்கு வருகிறேன். அதுவரை எழுதாதே.

*

டிசம்பர் 10

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். ஏனென்றால் அம்மா தினமும் இருட்டியதும் உன் அறைக்குப் போய் விளக்கைப் போடுகிறாள். படுக்கப் போகும்போது அணைக்கிறாள். "எதுக்கும்மா?" என்றால், "பல்பு நல்லா இருக்கான்னு பாக்கறேன்" என்கிறாள். பல்பு நன்றாகத்தான் இருக்கிறது. அம்மாதான் இல்லை.

சரி, கேள். பெரிய கண்ணாடியிலும் தடவினேன். குழாயின் அடியில் இருக்கிறதே, உன் உயிர், அதில். அம்மாவின் முகக் கிரீம். குழாயின் வாய் வழியாகக் கை எட்டவில்லை, அதனால் துடைப்பக் குச்சியில் பஞ்சு சுற்றி விட்டேன். ஓரமாக ஒரு கோடு. அதுதான் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவுகிறதோ என்னவோ.

இது கடைசித் தவணை. இனி என்னிடம் ஒன்றும் பாக்கி இல்லை. வீட்டுக்கு வா.

வாலு

*

டிசம்பர் 19

என் அருமை வாலே,

உண்மை பேசினால் வாய் வெந்துவிடும் என்று நினைத்திருந்தாய் போல. வெந்துவிட்டதா?

கடிதம் வந்த அன்றே குழாயைக் கழற்றினேன். உன் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு மெல்லிசாகத் தடவியிருக்கிறாய், திருட்டுக் கழுதை. துடைத்துக் கீறல் விழுவதைவிட மேல்பூச்சையே புதிதாகப் போட்டுவிடலாம் என்று பட்டறைக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு மாதம் ஆகுமாம். ஆகட்டும். காரணம் தெரிந்துவிட்டது, இனி நிம்மதியாகத் தூங்கலாம்.

அதிருக்கட்டும், என் கிரேன் கேபின் கண்ணாடியிலும் நீதான் வந்து தடவினாயா? இருநூற்றுப் பத்துப் படி ஏணி ஏறி உட்கார்ந்தால், கீழே இரும்பு யார்டு விளக்கெல்லாம் வளையல் போட்டுக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி நிற்கிறது. துடைக்கிற பையனை ஒரு பிடி பிடித்தேன். "அண்ணே, இப்பதான தொடச்சேன்" என்கிறான். உன் தம்பியாகத்தான் இருக்க வேண்டும்.

ஜனவரி முதல் வாரம் இரண்டு நாள் வருகிறேன். அம்மாவிடம் விளக்கைப் போட்டே வைக்கச் சொல்.

அண்ணன்

*

ஜனவரி 11

மாண்புமிகு விருந்தினருக்கு,

இரண்டு நாள் வருகையின் சேத அறிக்கை: தண்ணீர் ஜாடி ஒன்று. கதவு நிலையில் தோள்பட்டை இரண்டு முறை. என் கால் ஒரு முறை, அதற்கு மன்னிப்பும் கிடையாது. எல்லாம் உன் வலது பக்கத்திலேயே. உன் கிரேனுக்கு யாராவது பக்கக் கண்ணாடி மாட்டி வைத்திருந்தால் அதை வீட்டுக்கு வரும்போது காதில் மாட்டிக்கொண்டு வா.

அம்மா இப்போது அந்த விளக்கைப் போடுவதில்லை. பாட்டு முணுமுணுக்கிறாள். அதற்குப் பதில் விளக்கே தேவலை.

வாலு

*

பிப்ரவரி 21

கண்ணாடி வந்துவிட்டது. புதுப் பூச்சு, முகம் பார்த்தால் மயிர்க்கால் தெரிகிறது. ஆசை ஆசையாக மூன்று மாடி தூக்கிப் போய் வைத்தேன்.

வளையம். கார்த்திகைக்கும் வளையம், ரோகிணிக்கும் வளையம். முன்னைவிடப் பெரிதாக.

சின்னக் கண்ணாடியா? குழாயின் உள்சுவரா? என்னடி செய்து வைத்திருக்கிறாய்? சிரித்துக்கொண்டே படிக்கிறாயா இதை?

*

பிப்ரவரி 26

அண்ணா,

சிரிக்கவில்லை. தயவுசெய்து இந்தக் கடிதத்தை முழுசாகப் படி.

பெரிய கண்ணாடியில் நான் எதையும் தடவவில்லை. டிசம்பரில் எழுதியது பொய். கிரீம், பஞ்சு, துடைப்பக் குச்சி எல்லாம் உட்கார்ந்து யோசித்து எழுதியது. நீ வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காக, செய்யாததைச் செய்தேன் என்று சொன்னேன். இல்லாத கோடு உன் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

உன் கடிதங்களையெல்லாம் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். பழைய கண்ணாடியில் வளையம். கேபின் கண்ணாடியில் வளையம். புதுக் கண்ணாடியிலும் வளையம். மூன்றும் வேறு வேறு கண்ணாடி, அண்ணா. எல்லாவற்றுக்கும் முன்னால் நீ ஒரே காரியம்தான் செய்திருக்கிறாய்: ஏறியிருக்கிறாய். மூட்டையோடு மூன்று மாடி, இல்லையென்றால் ஏணி. அரை மணி உட்கார்ந்ததும் போய்விடுகிறது. துடைத்ததால் போகவில்லை, உட்கார்ந்ததால் போகிறது. இங்கே நான் தூக்கினேன். இங்கே வளையமே வந்ததில்லை, லிப் பாம் நாள் தவிர.

நேற்று மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். (என் கண்ணாடி மேல் நானே உட்கார்ந்துவிட்டேன்.) கண் சோதிக்கிற அக்காவிடம் சும்மா சொன்னேன். அவங்க சிரிக்கவில்லை. "உங்க அண்ணனுக்குக் கிட்டப்பார்வையா? முப்பதுக்குள்ளயா? ஏறி முடிச்சதும் வந்து, உக்காந்தா போயிடுதா?" என்றாங்க. "இன்னைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. நாளைக்குன்னு சொல்லாத." உடம்பு குலுங்கினால் சிலருக்குக் கண்ணுக்குள் பொடிப்பொடியாகத் துகள் உதிர்ந்து வடிகாலை அடைக்குமாம். அழுத்தம் ஏறி நரம்பைத் தின்னுமாம். வலிக்காதாம். போனது திரும்பி வராதாம்.

தண்ணீர் ஜாடி, கதவு நிலை, என் கால். எல்லாம் வலது பக்கம். நீ டெலஸ்கோப்பில் வைக்கிற கண்ணும் வலதுதான்.

போய்விட்டு எழுது.

வாலு

*

மார்ச் 2

வாலு,

பாராட்டுகிறேன். இதுவரை செய்ததிலேயே இதுதான் உயர்ந்த தரம். அம்மாவையும் போனில் அழ வைத்துவிட்டாய். "அவ விளையாடறாம்மா" என்று நான்தான் தேற்ற வேண்டியிருந்தது.

இரண்டு வருடம் முன்னால் சூப்பில் பல்லி விழுந்தது என்று சொல்லி, நாக்கில் பச்சை மையும் தடவிக் காட்டினாய். விடிய விடிய ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் உன் நாக்கைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை. இன்னொரு வராந்தாவுக்கு நான் தயாரில்லை.

கிரீம் தடவினேன் என்றாய். இப்போது தடவவில்லை என்கிறாய். உன் காகிதத்துக்கு உன் காகிதமே எதிர்சாட்சி. என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. வருடா வருடம் அட்டையைப் படிக்க வைத்துத்தான் கிரேன் சாவியைத் தருகிறார்கள். கடைசி வரி வரை படிப்பேன்.

அண்ணன்

*

மார்ச் 4

அண்ணா,

என்னை நம்பாதே. சரியா? நான் புளுகி, பல்லிக்காரி, எல்லாம் சரி. செயலாளர் சொன்ன வழியை நம்பு. அது பொய் சொல்லாது.

ஏணி ஏறி முடித்ததும் கேபினுக்குள் உட்காராமல், கண்ணாடி எதுவும் குறுக்கே இல்லாமல், வெளியே நின்று ஒரு விளக்கைப் பார். ஒரு கண்ணை மூடிப் பார், மற்றதை மூடிப் பார். நடுவில் எந்தக் கண்ணாடியும் இல்லாதபோதும் வளையம் இருந்தால், யார் எதில் தடவியிருக்க முடியும்? அப்புறம் வலது கண்ணை மட்டும் திறந்து, நேராகப் பார்த்துக்கொண்டே வலது கையை ஓரத்தில் ஆட்டிப் பார். கை தெரிகிறதா என்று பார்.

ஒரு நிமிடம் ஆகாது. செய்துவிட்டு, நான் சொன்னது தப்பு என்றால் ஆயுளுக்கும் என்னோடு பேச வேண்டாம். எழுத்தில் தருகிறேன், கையெழுத்தோடு.

உன் தங்கை

*

மார்ச் 29

வாலு,

எழுத்து பெரிதாக இருக்கிறது. கோடு மேல் உட்காரவில்லை.

உன் கடிதம் ஏழாம் தேதி வந்தது. ஹெல்மெட் உள்பட்டையில் செருகி வைத்தேன். எட்டாம் தேதி சனிக்கிழமை, சாயங்கால ஷிப்ட். ஏறி உட்கார்ந்தேன். விளக்குக்கெல்லாம் வளையம். உன் சோதனை ஞாபகம் வந்தது. எழுந்து வெளியே போகச் சோம்பல், கீழே ஆள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். நாளை ஞாயிறு, நிதானமாகச் செய்யலாம் என்று கம்பிக்கட்டை இறக்க ஆரம்பித்தேன்.

கீழே சைகை காட்டுகிற கொடிக்காரர் வலது பக்கம் நின்று சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தாராம். கத்தினாராம். எனக்கு அங்கே ஆளே இல்லை. கறுப்பாகவும் இல்லை, மங்கலாகவும் இல்லை. அப்படி ஓர் இடமே இல்லை. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கட்டு அவர் பாதத்தில் இறங்கிவிட்டது. மூன்று விரலை எடுத்துவிட்டார்கள்.

அவரை அனுமதித்த அதே ஆஸ்பத்திரியில்தான் என்னையும் சோதித்தார்கள். வலது கண்ணில் நடுவில் ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான் பார்வை மிச்சம். அட்டையைப் படிக்க அந்தப் பொத்தான் போதும், அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை. இடதில் முக்கால். சொட்டு மருந்து போட்டால் இருப்பது நிற்குமாம். கிரேன் இனிமேல் கிடையாது.

"டிசம்பர்ல வந்திருந்தா?" என்று கேட்டேன். டாக்டர் கோப்பைப் புரட்டிக்கொண்டே இருந்தார். நீ இதைக் கேட்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

பொய்யை நம்பினேன். உண்மையை நம்பவில்லை. இதில் உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று படுத்தபடி பிரித்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் வேறு விடை வருகிறது. இன்றைக்கு வந்த விடையை உனக்கு எழுதப் போவதில்லை.

அண்ணன்

*

ஏப்ரல் 9

அண்ணா,

பதினொரு தடவை எழுதிக் கிழித்தேன். பாதியில் என்னையறியாமல் ஒரு ஜோக் வந்துவிடுகிறது. உடனே கிழித்துவிடுகிறேன்.

நாங்கள் வருகிறோம் என்று அம்மா சொன்னதற்கு வேண்டாம் என்றாயாம். அம்மா மறுபடி விளக்கைப் போட ஆரம்பித்துவிட்டாள். இந்தத் தடவை நான் ஏன் என்று கேட்கவில்லை.

கொடிக்காரரின் முகவரி தர முடியுமா? அவருக்கும் எழுத வேண்டும். என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

வாலு

*

அக்டோபர் 18

வாலு,

ஆறு மாதமாக நான் எழுதவில்லை. கணக்கு உனக்குத் தெரியும். உன் ஏழு கடிதமும் இருக்கிறது.

என்னை ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். கொடிக்காரரும் அங்கேதான். அவர் கையுறை கொடுக்கிறார், நான் ஹெல்மெட் கொடுக்கிறேன். ஒரே மேஜை. காலையில் வந்ததும் ஒரு தலையசைப்பு. அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் கம்பெனி முகவரிக்கு நீ அவருக்கு எழுதின கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறார், கிழிக்கவில்லை. பார்த்தேன்.

டெலஸ்கோப்பை லாரியில் ஏற்றிவிட்டேன், வியாழன் வந்து சேரும். கடைசியாக ஒரு தரம் பார்க்கலாம் என்று ஸ்டோர் ஆட்கள் இரண்டு பேரை விட்டுத் தூக்க வைத்தேன். நான் வெறுங்கையோடு மெதுவாக ஏறினேன். வளையம் இல்லை. வலது கண்ணில் கார்த்திகைக் கூட்டம் ஒரு நேரத்துக்கு ஒரு நட்சத்திரம்தான் வருகிறது. இடது கண் இதற்குப் பழகவில்லை. புகை எதுவும் தெரியவில்லை.

நீ பார். அமாவாசை ஒட்டிப் பார். தெரிந்தால் தெரிந்தது என்று எழுது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுது. எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எதையும் எழுதாதே. அந்த மாதிரி ஒரு கடிதம் எனக்கு ஏற்கெனவே வந்திருக்கிறது.

அண்ணன்

*

நவம்பர் 22

அண்ணா,

அறிக்கை.

பதினேழாம் தேதி: மேகம். ஒன்றும் பார்க்கவில்லை.

பதினெட்டு: நாலு மாடி, இரண்டு நடை. கீழ்மூலை நட்சத்திரத்தைச் சுற்றிப் புகை தெரிந்தது. "தெரியுது" என்று வாய் வரை வந்துவிட்டது. ரோகிணியைப் பார்த்தேன். அதற்கும் புகை. ஐபீஸில் என் மூச்சு. தெரியவில்லை என்று எழுதிக்கொள்.

பத்தொன்பது: ரோகிணி சுத்தம். கார்த்திகையும் சுத்தம். தெரியவில்லை. பக்கத்து மாடிக்காரர் விளக்கை அணைக்கவில்லை. போய்க் கேட்டேன். நான் அவர் அழைப்புமணியில் பப்பிள்கம் ஒட்டியதை அவர் மறக்கவில்லை.

இருபது: தெரியவில்லை. ஒரு மணி நேரம் பார்த்தேன். உனக்கு "லேசாகத் தெரிந்தது" என்று எழுதிவிடலாமா என்று தோன்றியது. தோன்றியதையும் எழுதுகிறேன்.

இருபத்தொன்று, நேற்று. பக்கத்து மாடி விளக்கு அணைந்திருந்தது, ஏன் என்று தெரியாது. ஏறியதும் பார்க்கவில்லை, அரை மணி உட்கார்ந்தேன். ரோகிணி முதலில். சுத்தம், ஊசிமுனை. பிறகு கார்த்திகை. கீழ்மூலை நட்சத்திரத்துக்குக் கீழ்ப்பக்கம் மட்டும், மேல்பக்கம் இல்லை, ஒரு வெளுப்பு. வட்டமாக இல்லை. கண்ணாடியில் யாரோ ஊதிவிட்டு நகர்ந்துபோன மாதிரி, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு. நேராகப் பார்த்தால் போய்விடுகிறது, கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் வருகிறது. மற்ற ஐந்து நட்சத்திரத்துக்கும் இல்லை. ஐபீஸைத் துடைத்தேன். இருந்தது. வேறு ஐபீஸ் போட்டேன். இருந்தது. இடது கண்ணை வைத்தேன். அப்போதும் இருந்தது. மறுபடி ரோகிணிக்குப் போய் வந்தேன், நாலு தடவை.

படம் வரைந்திருக்கிறேன், இத்துடன் வைத்திருக்கிறேன். சங்கத்துக்கு அனுப்பவில்லை.

அம்மாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலையேடி" என்றாள். அதையும் எழுத வேண்டும் அல்லவா.

ஆகவே சாட்சி யாரும் இல்லை. நான் மட்டும்தான்.

வாலு